வடக்கு எங்கே ஐயா? – வாசகர் கேள்வி பதில்

தொண்டியில் பைபர் படகு ஓட்டும் இளைஞர்கள் சிலருக்குக் காம்பஸ் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றும் முடித்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடலை எட்டிக்கூடப் பார்க்காத ஊர்களிலிருந்து! சந்தோஷம்தான். வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்து கப்பலில் சுக்கான் பிடிக்கப் போனவன் நான் ஒருத்தன்தான் என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேலி பேசுவார்கள். பேசட்டும். கேள்விகளுக்கு வருவோம்.

தொண்டியில் என் மச்சினன் நண்பர்களோடு சேர்ந்து சின்னப் படகு வாங்கியிருக்கிறான். விடுமுறையில் நானும் கூடப் போவேன். அதில் இருக்கிற காம்பசில் எண்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எதைப் பார்ப்பது, எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒவ்வொரு தடவையும் குழம்புகிறது.
– பள்ளி ஆசிரியர், தேவகோட்டை

எண்கள் சுற்றவில்லை சார், படகுதான் சுற்றுகிறது. இது மனசில் ஏறிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் எண்கள் எழுதிய ஒரு தட்டு ஊசிமுனையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் காந்தம். அந்தத் தட்டு வடக்கைப் பார்த்தபடி அப்படியே நிற்கும். கிண்ணமும் படகும் நீங்களும்தான் அதைச் சுற்றி வருகிறீர்கள்.

கிண்ணத்தின் உள்விளிம்பில் அசையாத ஒரு கோடு இருக்கும். கப்பலில் அதை லப்பர் லைன் என்போம். அந்தக் கோட்டுக்கு நேராக எந்த எண் நிற்கிறதோ, அதுதான் படகின் அணியம், அதாவது முன்முனை, பார்க்கிற திசை. 0 வடக்கு, 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. சின்னக் காம்பஸ்களில் இடம் பற்றாமல் கடைசிச் சைபரை விட்டிருப்பார்கள். 3 என்றால் 30, 33 என்றால் 330. ‘முப்பத்து மூன்றில் போ’ என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் 33 டிகிரியில் போனால் வடமேற்கே போக வேண்டிய படகு வடகிழக்கே போய்விடும். அதனால்தான் கப்பலில் மூன்று எண்ணாகத்தான் சொல்வோம். கேப்டன் ‘ஜீரோ எய்ட் ஃபைவ்’ என்பார், சுக்கான் பிடிக்கிறவன் அதையே திருப்பிச் சொல்வான், படகு அந்த எண்ணுக்கு வந்து நின்றதும் இன்னொரு தடவை சொல்வான். நாலு பேர் போகிற படகிலும் இதைச் செய்யுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது? தட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யவே கூடாது. சில காம்பசில் கோடு எதிர்ப்பக்கம் இருக்கும், சிலதில் உங்கள் பக்கம் இருக்கும். இரண்டிலும் தட்டு ஓடுகிற மாதிரி தெரிவது வேறு வேறாக இருக்கும். எண்ணை மட்டும் பாருங்கள். எண் கூட வேண்டுமானால் படகு வலது பக்கம் திரும்ப வேண்டும், குறைய வேண்டுமானால் இடது பக்கம். 350-ல் இருக்கிறீர்கள், 10-க்கு வர வேண்டும் என்றால் அது குறைவது அல்ல. 350, 360, 10 என்று கூடுகிறது, ஆகவே வலது. அதோடு, உங்கள் படகில் ஸ்டீயரிங் கிடையாது, எஞ்சினின் கைப்பிடிதான் என்று நினைக்கிறேன். கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால்தான் படகு வலது பக்கம் திரும்பும். புதிதாகப் படகு பிடிக்கிறவர்களைக் கவிழ்ப்பது காம்பஸ் இல்லை, இந்தத் தலைகீழ்க் கணக்குதான்.

அடுத்தது, காம்பசைத் துரத்துவது. நான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் எல்லாருமே முதலில் இதைச் செய்வார்கள். எண் ஐந்து டிகிரி நகர்ந்ததும் கைப்பிடியைத் தள்ளுவார்கள். தட்டு திரவத்தில் மிதப்பதால் கொஞ்சம் தாமதித்துத்தான் நிலைக்கு வரும். அதற்குள் மறுபக்கம் தள்ளுவார்கள். திரும்பிப் பார்த்தால் படகு போன தடம் பாம்பு போன மாதிரி இருக்கும். அலை அடிக்கும்போது 80-க்கும் 100-க்கும் நடுவே தட்டு ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும். நடுவில் 90 இருக்கிறதா, அது போதும். படகை வேண்டிய எண்ணில் நிறுத்தி, அந்த நேரத்தில் அணியத்துக்கு நேரே தெரிகிற ஒரு மேகத்தையோ, ராத்திரியானால் ஒரு நட்சத்திரத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து ஓட்டிக்கொண்டு, அவ்வப்போது காம்பசை ஒரு பார்வை பார்த்தால் போதும். மேகமும் நட்சத்திரமும் நகரும், ஆகவே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வேறொன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். தூரத்தில் தெரிகிற இன்னொரு படகை மட்டும் பிடிக்காதீர்கள், அவன் எங்கே போகிறான் என்று அவனுக்குத்தான் தெரியும். தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் வாந்தியும் வரும்.

புதிதாகக் காம்பஸ் பொருத்தினால் லப்பர் லைன் படகின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்பக்க நடுவிலிருந்து அணியம் வரை ஒரு நூலை இழுத்துக் கட்டினால் தெரிந்துவிடும். இழுத்துக் கட்டாமல் கண்ணளவில் திருகிய காம்பஸ்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கல்லூரியில் படிக்கிறேன். கடல் பக்கம் போக வசதியில்லை. தரையிலேயே காம்பஸ் பழக முடியுமா?
– மாணவர், காரைக்குடி

தரையில் பழகிவிட்டுக் கடலுக்குப் போவதுதான் சரி. சித்திரையில் உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை கண்மாய் வறண்டு கிடக்கிறது! அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கையில் பிடிக்கிற சாதாரணக் காம்பஸ் போதும்.

கண்மாய் நடுவில் ஒரு கல்லை வையுங்கள். அங்கிருந்து 40 டிகிரியில் ஐம்பது அடி வைத்து நடங்கள். நின்று, 120-ஐக் கூட்டுங்கள். 160. அதில் ஐம்பது அடி. மறுபடி 120 கூட்டினால் 280. அதிலும் ஐம்பது அடி. கணக்குச் சரியானால் கல் காலில் இடறும். எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் இதே முறைதான், 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பக் கல்லை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருகிற கெட்டிக்காரர்கள் உண்டு. அதற்கு ஒரு மருந்து: தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குனிந்தால் காம்பஸ் மட்டும் தெரிகிற மாதிரி நடக்க வைப்பேன். கடலில் மூடுபனியும் இருட்டும் அப்படித்தான். காலடியில் பள்ளமில்லாத இடமாகப் பார்த்து, கூட ஒருவர் நடந்து வரட்டும்.

வழியில் சீமைக்கருவேல் புதர் வரும். அதற்கும் கணக்கு இருக்கிறது. போகிற திசையிலிருந்து 90 டிகிரி வலது பக்கம் திரும்பி, புதரைத் தாண்டுகிற அளவுக்கு அடி எண்ணி நடக்க வேண்டும். பிறகு பழைய எண்ணிலேயே புதரைக் கடக்க வேண்டும். கடந்ததும் 90 டிகிரி இடது பக்கம் திரும்பி, முன்பு எண்ணிய அதே அடி நடந்தால் பழைய கோட்டுக்கு வந்துவிடலாம். மீன்பிடி வலை கட்டியிருக்கிற இடத்தைக் கடலில் சுற்றிப் போவதும் இதே வேலைதான், அடிக்குப் பதில் நிமிஷம்.

போன எண்ணுக்கு நேர் எதிர் எண்ணில்தானே திரும்பி வர வேண்டும்? 180 கூட்டவோ கழிக்கவோ வேண்டும். ஆடுகிற படகில் தலை சுற்றிக்கொண்டிருக்கும்போது 75-ஓடு 180-ஐக் கூட்டச் சொன்னால் பட்டதாரிகளும் விழிப்பார்கள். 200 கூட்டி 20 கழியுங்கள்: 275, 255. 180-க்கு மேற்பட்ட எண்ணானால் 200 கழித்து 20 கூட்டுங்கள்.

ஒரு பையன் எப்போது நடந்தாலும் கல்லுக்கு ஒரே பக்கமாக விலகி வந்துகொண்டிருந்தான். அடி அளவு சரி, கணக்கும் சரி. கடைசியில் பார்த்தால் சட்டைப் பையில் செல்போன், அதன் உறை மூடுகிற இடத்தில் ஒரு சின்னக் காந்தம். காம்பசை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தான், காந்தத்துக்கும் காம்பசுக்கும் ஒரு சாண்கூட இல்லை. பெண்களின் கைப்பையில் ‘டப்’பென்று மூடுகிற பொத்தானும் காந்தம்தான். தோளில் மாட்டிக்கொண்டு காம்பஸ் பார்க்காதீர்கள்.

வாஸ்து பார்க்க வந்தவர் செல்போன் காம்பசில் எங்கள் வீட்டு முகப்பில் ஒரு திசையும் வளவில் (வீட்டின் உள்பகுதியில்) வேறொரு திசையும் வருகிறது என்று சொல்லி, பரிகாரம் பண்ணச் சொல்கிறார். வீட்டில் தோஷம் இருக்குமா?
– வாசகி, கானாடுகாத்தான்

ஆச்சி, தோஷம் வீட்டில் இல்லை, இரும்பில். நம் வீடுகளைக் கட்டிய காலத்தில் பர்மாத் தேக்கோடு சீமையிலிருந்து இரும்பு உத்தரமும் வார்ப்பிரும்புத் தூணும் கப்பலில் வந்து இறங்கின. முகப்பில் தலைக்கு மேலே ஓர் உத்தரம், ஜன்னலில் கம்பி, அறைக்குள்ளே ஆளுயர இரும்புப் பெட்டி. இத்தனைக்கும் நடுவில் நின்று காம்பஸ் பார்த்தால் அது வடக்கைக் காட்டாது, பக்கத்தில் இருக்கிற இரும்பைத்தான் காட்டும். அவரை நடுவாசலில் வெட்டவெளிக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் மொட்டை மாடிக்கு. அங்கே ஒரு தடவை, நாலு எட்டு தள்ளி இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் அந்த எண்ணை நம்பலாம். போனில் பார்க்குமுன் அதைக் காற்றில் எட்டுப் போட்ட மாதிரி சுழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இரும்புக் கப்பல்களுக்கும் இதே தொல்லை உண்டு. அதனால்தான் முக்கியக் காம்பசைச் சுக்கான் அறைக்கும் மேலே, எஞ்சினிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு உயரத்தில் வைப்பார்கள். அதன் இரண்டு பக்கமும் இரும்பு உருண்டை பொருத்தி, உள்ளே சின்னச் சின்னக் காந்தங்களைச் செருகி, கப்பல் செய்கிற கோளாறை ஈடுகட்டுவார்கள். பரிகாரம் என்றால் அதுதான் பரிகாரம்.

லண்டனில் இருக்கிற மகன் விலை உயர்ந்த காம்பஸ் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். இங்கே அதன் முள் ஒரு பக்கம் சாய்ந்து அடியில் உரசுகிறது. வரும் வழியில் உடைந்திருக்குமா?
– வாசகர், பள்ளத்தூர்

உடையவில்லை. லண்டனில் சரியாக இருந்தது இங்கே சாய்கிறது, அவ்வளவுதான். பூமியின் காந்த இழுவிசை எல்லா ஊரிலும் படுக்கைவாக்கில் இருப்பதில்லை. லண்டனில் அது செங்குத்தாகத் தரைக்குள் பாய்வதற்குக் கொஞ்சம்தான் குறைவு, 66 டிகிரி சாய்வு. அதனால் முள்ளின் வடமுனை கீழே குத்தப் பார்க்கும். அதைச் சமன் செய்யத் தென்முனையில் துளி எடை வைத்துத்தான் அங்கே விற்பார்கள். நம் பக்கம் இழுவிசை கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் இருக்கிறது. வடமுனையை இழுக்க ஆள் இல்லை, வைத்த எடை மட்டும் இருக்கிறது. தென்முனை இறங்கிவிடுகிறது.

இழுவிசை முழுக்கப் படுக்கைவாக்கில் இருக்கிற கோட்டைக் காந்த நடுக்கோடு என்பார்கள். அது நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்துதான் நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் போனது. பள்ளத்தூரில் உங்கள் மேஜை மேல் உரசுகிற முள்ளுக்கும் அந்த ராக்கெட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று மகனிடம் சொல்லுங்கள். நம் பகுதிக்குச் சமன் செய்தது என்று கேட்டுத்தான் காம்பஸ் வாங்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற முள் வைத்தவையும் கிடைக்கின்றன. வந்ததைப் பேரனுக்கு விளையாடக் கொடுங்கள்.

எல்லாப் படகிலும் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. இன்னும் காம்பசைக் கட்டி அழச் சொல்கிறீர்களே?
– படகு ஓட்டுபவர், எஸ்.பி.பட்டினம்

தம்பி, ஜி.பி.எஸ். வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அது நீ எங்கே இருக்கிறாய் என்று சொல்லும், போய்க்கொண்டிருந்தால் எந்தப் பக்கம் போகிறாய் என்றும் சொல்லும். எஞ்சின் நின்று படகு மிதந்துகொண்டிருக்கும்போது, கையில் பிடிக்கிற சாதாரண ஜி.பி.எஸ்.சுக்கு உன் அணியம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது. பேட்டரி தீர்ந்தாலோ உப்புத்தண்ணீர் உள்ளே போனாலோ ஒன்றுமே தெரியாது. இந்தப் பாக் நீரிணைக்குள் கிழக்கே போனால் இலங்கை, மேற்கே வந்தால் நம் கரை. எது மேற்கு என்று மட்டும் தெரிந்தால்கூட வீடு வந்து சேரலாம். அதைச் சொல்லக் காம்பசுக்குக் கரண்ட் வேண்டாம்.

ஆனால் நீ வைத்திருக்கிற காம்பஸ் சரியாகச் சொல்கிறதா? அதைக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். நான் பார்த்த ஒரு படகில் காம்பசுக்கு நேர் கீழே பாட்டுப் பெட்டி. ‘ஓட்டும்போது பாட்டை நிறுத்திவிடுவோம் ஐயா’ என்றார்கள். பாட்டை நிறுத்தலாம், ஸ்பீக்கருக்குள் இருக்கிற காந்தத்தை எப்படி நிறுத்துவது? இன்னொன்றில் நங்கூரத்தை அன்றன்றைக்குத் தோன்றிய இடத்தில் போட்டார்கள், காம்பசும் அன்றன்றைக்கு ஒன்று சொன்னது. கத்தி, ஸ்பேனர், வாக்கிடாக்கி, செல்போன் எல்லாம் காம்பசிலிருந்து கைநீளத்துக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். அசையாத எஞ்சின் செய்கிற கோளாறை அளந்து எழுதிவைக்கலாம், ஊர்ந்துகொண்டே இருக்கிற நங்கூரத்துக்கு எந்த அட்டவணையும் உதவாது.

அளப்பது இப்படி. கரையில் நன்றாகத் தெரிகிற இரண்டு பொருள் எடுத்துக்கொள். முன்னால் ஒரு செல்போன் கோபுரம், பின்னால் ஒரு மினார் அல்லது தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். கடலிலிருந்து பார்க்கும்போது ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுகிற கோடு ஒன்று இருக்கும். பாட்டன் காலத்திலிருந்து பாறை இருக்கிற இடத்தை இப்படித்தானே அடையாளம் வைக்கிறீர்கள்? அதே வித்தை. போன் வரைபடத்தில் அந்த இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு, அது எத்தனை டிகிரி என்று பார். 300 வருகிறது என்று வை. வரைபடம் சொல்வது உண்மையான வடக்கை வைத்து. காந்த வடக்கு நம் கடற்பகுதியில் அதற்கு மேற்கே ஒன்றரை, இரண்டு டிகிரி தள்ளியிருக்கிறது. இரண்டு என்றே வைத்துக்கொண்டு கூட்டினால் 302. காற்றில்லாத விடியற்காலையில், இரண்டும் ஒன்றாகத் தெரிகிறபடி அணியத்தை நேராக அதன்மேல் வைத்துக் கரையைப் பார்த்து ஓட்டு. அப்போது காம்பஸ் 308 காட்டினால் அந்தப் பக்கம் போகும்போது உன் காம்பஸ் ஆறு டிகிரி கூடக் காட்டுகிறது.

இதோடு முடியவில்லை. அதே படகைத் தெற்கே திருப்பினால் கோளாறு ஆறாக இருக்காது. குறையலாம், மறுபக்கமும் போகலாம். எஞ்சின் இரும்பு படகோடு திரும்புகிறது, காம்பஸ் தட்டு திரும்புவதில்லை, ஆகவே ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு அளவு. எட்டுத் திசைக்கும் இப்படிக் கோடு கண்டுபிடித்து அளந்து, ஓர் அட்டையில் எழுதிப் பிளாஸ்டிக் உறை போட்டு, காம்பஸ் பக்கத்திலேயே ஒட்டு. எஞ்சின் மாற்றினால் புது அட்டை. பெரிய கப்பலில் இதற்கென்று படித்த ஆள் வந்து, கப்பலை வட்டமாகச் சுற்றவிட்டு அளந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

ஒன்றிரண்டு டிகிரி தப்பினால் என்ன பெரிதாக ஆகிவிடும்?
– வாசகர், கண்டனூர்

ஒன்றிரண்டுக்கு ஒன்றும் ஆகாது. சின்னப் படகை ஐந்து டிகிரிக்குள் நேராக ஓட்டுகிறவனே கெட்டிக்காரன். ஆகவே முன் பதிலில் சொன்ன அந்த இரண்டு டிகிரியைக்கூட ஓட்டும்போது மறந்துவிடலாம். கணக்கு என்னவென்றால், 60 கடல் மைல் போனால் ஒரு டிகிரிக்கு ஒரு கடல் மைல் விலகுவோம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். காம்பஸ் பத்து டிகிரி தப்பாகச் சொல்கிற படகு 12 கடல் மைல் போனால் இரண்டு கடல் மைல் தள்ளிப் போய் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தள்ளுவது இதோடு சேரும், அதைக் காம்பஸ் சொல்லாது. 1974-ல் போட்ட எல்லைக்கோடு நம் மீனவர்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தண்ணீரில் கோடு கிழித்தா வைத்திருக்கிறார்கள்? இரண்டு மைல் என்பது அங்கே சாதாரணம் இல்லை.

காம்பஸ் இல்லாமல் சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் வைத்தே திசை பார்க்கலாமே?
– வாசகி, புதுவயல்

பார்க்கலாம், பார்த்துக்கொண்டும்தான் இருக்கிறார்கள். ஆனால் சூரியன் நேர் கிழக்கே உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில் மட்டும்தான். ஜூன் கடைசியில் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. பொங்கல் கோலம் போடும்போது சூரியன் வீட்டு வாசலில் எந்த மூலையில் வருகிறது, ஆனியில் எந்த மூலையில் வருகிறது என்று பார்த்தாலே தெரியும்.

துருவ நட்சத்திரம் அப்படி ஏமாற்றாது, உண்மையான வடக்கிலிருந்து ஒரு டிகிரிக்குள்தான் இருக்கும். ஆனால் நமக்கு அது மிகத் தாழ்வு. எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊரின் அட்சரேகை எத்தனையோ அத்தனை டிகிரி உயரத்தில் தெரியும். நம் பக்கம் பத்து. கையை முன்னே நீட்டி முஷ்டியை மடக்கி, அடிவானத்தின் மேல் வைத்தால் முஷ்டியின் மேல்விளிம்பை ஒட்டி இருக்கும். கொஞ்சம் மூட்டம் இருந்தாலும் மறைந்துவிடும். தெரிகிற ராத்திரியில் அதைக் காம்பசுக்குப் பரீட்சை வைக்கப் பயன்படுத்துங்கள். அணியத்தை நேராக அதன்மேல் வைத்தால் காம்பஸ் ஒன்றோ இரண்டோ காட்ட வேண்டும். பத்துக் காட்டினால் பக்கத்தில் யாரோ ஸ்பேனரை வைத்திருக்கிறார்கள்.

ராஜேந்திர சோழன் கடாரம் போனபோது காம்பஸ் இருந்ததா?
– வாசகர், திருப்பத்தூர்

இருந்ததாகத் தெரியவில்லை. கடாரப் படையெடுப்பு 1025-ல். காந்த ஊசி சரியாகத் தெற்கே நிற்காமல் கொஞ்சம் கிழக்கே விலகும் என்று சீனத்து அறிஞர் ஷென் குவோ எழுதியது 1088 வாக்கில். நம்மவர்கள் போனது பருவக்காற்றையும் நட்சத்திரத்தையும் நம்பி. காற்று மாறுகிற மாதம் தெரிந்தவனுக்கு வங்காள விரிகுடா ஒருவழிப் பாதை மாதிரிதான். போக ஒரு காற்று, வர ஒரு காற்று. இதில் காம்பஸ் இல்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் பித்தளைக் காம்பஸ் பார்த்தேன். லண்டன் என்றும் 1885 என்றும் பொறித்திருக்கிறது. பர்மாவிலிருந்து யாரோ கொண்டுவந்தது என்று நாலாயிரம் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கோட்டையூர்

அலமாரியில் வைக்க என்றால் வாங்குங்கள், பேரம் பேசி. லண்டன் பெயரும் பழைய வருஷமும் போட்ட பித்தளைக் காம்பஸ்களை ரூர்க்கியில் இன்றைக்கும் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், தேய்க்காமல் விட்டால் பழசு மாதிரி ஆகும். இரண்டுமே வயதுக்குச் சாட்சி இல்லை.

பழசோ புதுசோ, வேலை செய்கிறதா என்று கடையிலேயே சோதிக்கலாம். இரும்பு பீரோவிலிருந்து தள்ளி, ஒரு மரப்பலகையில் வைத்து எண்ணைப் பாருங்கள். இரும்புச் சாவி ஒன்றை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோனால் தட்டு விலகும். பத்துப் பதினைந்து டிகிரி விலகியதும் சாவியைத் தூர எடுத்துவிடுங்கள். தட்டு ஆடி அடங்கி, பழைய எண்ணுக்கே வந்து நிற்க வேண்டும். மறுபக்கமும் அப்படியே. இரண்டு மூன்று டிகிரி முன்னாலேயே சோம்பலாக நின்றுவிட்டால் உள்ளே ஊசிமுனை மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர் விரலால் ஒரு தட்டுத் தட்டி ‘பாருங்க, வந்துடுச்சு’ என்பார். தட்டினால்தான் வருகிறது என்றால் படகுக்கு ஆகாது.

படகுக் காம்பசுக்குள் ஒரு குமிழி வந்திருக்கிறது. திறந்து தண்ணீர் ஊற்றலாமா?
– வாசகர், தொண்டி

ஊற்றாதீர்கள். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. சிலதில் மெல்லிய எண்ணெய், சிலதில் ஸ்பிரிட் கலந்த நீர். ஒன்றில் இன்னொன்றை ஊற்றினால் தட்டில் எழுதிய எண்கள் உரிந்து வந்துவிடும். மிளகளவு குமிழி, தட்டில் இடிக்காமல் ஓரமாக நின்றால் இப்போதைக்கு விட்டுவிடலாம். குமிழி வளர்ந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது, அடியில் இருக்கிற ரப்பர் சவ்வோ வளையமோ போயிருக்கும். எந்தத் திரவம் என்று தயாரித்த கம்பெனியின் தாளில் பார்த்து, அதே திரவத்தைப் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பி முடித்ததும் மேலே சொன்ன சாவிச் சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். கரைக்கு வந்ததும் ஒரு துணியைப் போட்டு மூடிவையுங்கள். சித்திரை வெயிலில் நாளெல்லாம் காய்கிற காம்பசுக்குத்தான் பெரும்பாலும் இந்தக் குமிழி வருகிறது.